வாசகர் கேள்வி–பதில்: மரபணு வேறுபாடு எங்கே இருக்கிறது? இடம் சொல்லும் டேட்டா பேக்கேஜ்கள்

ஆர் நிரல்மொழியில் மனித மரபணு வேறுபாடுகளின் இருப்பிடத்தைத் தேட உதவுபவை, உயிரியல் தரவு ஆய்வுக்கான ஆர் பேக்கேஜ்களைத் தரும் பயோகண்டக்டர் திட்டத்தின் ஸ்நிப்லாக்ஸ் பேக்கேஜ்கள். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இவற்றைச் சுற்றியே இருந்ததால் ஒரே இடத்தில் பதில் தருகிறோம். நிரல் பெயர்களைத் தமிழ் எழுத்தில், படிக்க வசதியாக இடைக்கோடு போட்டுத் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது இடைக்கோடு கிடையாது. ரெஃப்ஸ்நிப்-ஐடி, ஜீனோம்-கம்பாட் என்ற பத்திப் பெயர்களில் மட்டும் அந்த இடத்தில் அடிக்கோடும், ரீட்-டேபிளில் புள்ளியும் வரும்.

கேள்வி: பட்டியலில் ஸ்நிப்லாக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ்கள் ஏராளமாக இருக்கின்றன. 144, 149, 150, 151, 155 என்று எண்கள், பின்னால் ஜிஆர்சிஎச்37, ஜிஆர்சிஎச்38 என்று வேறு. எதை நிறுவுவது? புதியதையே போட்டுவிட்டால் போதாதா?

போதாது. பெயரில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. முதல் எண், அமெரிக்காவின் என்சிபிஐ (தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம்) நடத்தும், மரபணு வேறுபாடுகளைப் பதியும் டிபிஸ்நிப் தரவுத்தளத்தின் பில்டு (வெளியீட்டு) எண். 144 என்பது 2015-ஐச் சேர்ந்தது, 155 என்பது 2021-ஐச் சேர்ந்தது. கடைசியில் வருவது ரெஃபரன்ஸ் ஜீனோமின் (ஒப்பிடுவதற்கான பொது மனித டிஎன்ஏ வரிசை) அசெம்பிளி, அதாவது அந்த வரிசையின் பதிப்பு. ஜிஆர்சிஎச்37 2009-லும் ஜிஆர்சிஎச்38 2013-லும் வெளியானவை.

முதலில் தீர்மானிக்க வேண்டியது அசெம்பிளியை. அது உங்கள் விருப்பம் அல்ல, உங்கள் டேட்டா எதில் தயாரானதோ அதுதான். ஏபிஓஈ மரபணுவில் உள்ள ஆர்எஸ்429358 என்ற ஸ்நிப்பை (ஒற்றை எழுத்து வேறுபாடு; ‘ஆர்எஸ்’ எண் டிபிஸ்நிப் தரும் அடையாளம்) எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஆர்சிஎச்37-ல் அது 19-ஆம் குரோமோசோமில் 45411941-ஆவது இடம். ஜிஆர்சிஎச்38-ல் அதே ஸ்நிப் 44908684. ஐந்து லட்சம் எழுத்துக்கும் மேல் நகர்ந்திருக்கிறது. தவறான பேக்கேஜை வைத்துத் தேடினால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது. அந்த எண்ணில் வேறு ஏதோ ஒரு ஸ்நிப் இருக்கும், அதை எடுத்துக் கொடுத்துவிடும். ஆபத்து அங்கேதான்.

உங்கள் டேட்டா எந்த அசெம்பிளி என்று தெரியவில்லையா? விசிஎஃப் கோப்பு (மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிடும் உரைக்கோப்பு வகை) என்றால் தலைப்பகுதியில் குரோமோசோம் நீளங்கள் இருக்கும். 1-ஆம் குரோமோசோமின் நீளம் 249250621 என்றால் 37, 248956422 என்றால் 38. தலைப்பகுதி இல்லாத வெறும் அட்டவணை என்றால், ரெஃபரன்ஸ் எழுத்து இருக்கும் பத்தியை எடுத்து, இரண்டு அசெம்பிளிகளின் வரிசையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சரியானதில் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும். தவறானதிலும் கால்வாசிக்கு மேல் பொருந்தத்தான் செய்யும். டிஎன்ஏவில் இருப்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்து, தற்செயலாகவே அவ்வளவு ஒத்துப்போகும். அதைப் பார்த்து ‘கொஞ்சம் பொருந்துகிறதே’ என்று ஏமாற வேண்டாம்.

பில்டைப் பொறுத்தவரை, புதிதாகத் தொடங்கும் வேலைக்கு 155. பழைய ஆய்வு ஒன்றின் முடிவை அப்படியே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால், அவர்கள் பயன்படுத்திய பில்டையே போடுங்கள். 149, 150, 151 ஆகியவை ஜிஆர்சிஎச்38-க்கு மட்டுமே உண்டு. 37-ல் வேலை செய்பவர்களுக்கு 144 அல்லது 155 தான்.

கேள்வி: பயோகண்டக்டரின் நிறுவல் கருவியான பயோக்-மேனேஜர் வழியாக 155-ஐ நிறுவும்போது ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடுகிறது. இணைய இணைப்பில் குறை இல்லை.

குறை ஆர் மென்பொருளின் இயல்பு அமைப்பில் இருக்கிறது. ஒரு கோப்பைத் தரவிறக்க அது தரும் நேரம் 60 விநாடி. சாதாரண பேக்கேஜுக்கு அது தாராளம். இது பல ஜிபி அளவுள்ளது. 60 விநாடி ஆனதும் கத்தரித்துவிடும். நிறுவும் கட்டளைக்கு முன்னால் ஆப்ஷன்ஸ் கட்டளையில் டைம்-அவுட் மதிப்பை 7200 அல்லது அதற்கு மேல் வையுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இத்தோடு தீர்ந்துவிடும்.

தீராதவர்கள் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, தற்காலிகக் கோப்புறை. தரவிறக்கும் கோப்பு அங்கேதான் முதலில் விழும். சர்வர்களில் அந்தப் பகுதிக்குச் சிறிய இடமே ஒதுக்கியிருப்பார்கள். டிஎம்பி-டைர் என்ற சூழல் மாறியை இடம் உள்ள வட்டுக்கு மாற்றிவிட்டு, ஆர்-ஐ மூடித் திறக்க வேண்டும். திறந்திருக்கும்போது மாற்றினால் பலன் இல்லை. இரண்டாவது, முந்தைய தோல்வி விட்டுச்சென்ற பூட்டுக் கோப்புறை. லைப்ரரி கோப்புறைக்குள் 00லாக் என்று தொடங்கும் பெயரில் ஒன்று கிடந்தால், வேறு எந்த நிறுவலும் அப்போது ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அழித்துவிடுங்கள். மூன்றாவது, இட அளவு. சுருக்கப்பட்ட கோப்பு, விரித்த பேக்கேஜ் இரண்டும் ஒரே நேரத்தில் வட்டில் இருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இணைப்பு அடிக்கடி அறுகிற இடம் என்றால் ஆர்-க்குள் இருந்து இறக்கவே வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய தரவிறக்கக் கருவி ஒன்றால் மூலக்கோப்பை இறக்கிவிட்டு, உள்ளூர்க் கோப்பிலிருந்து நிறுவுங்கள். உள்ளே வெறும் டேட்டாதான், தொகுக்க வேண்டிய சி நிரல் எதுவும் இல்லை. ஆகவே விண்டோஸ் பயனர்கள் ஆர்-டூல்ஸ் தேடி அலைய வேண்டாம். ஆனால் இந்த வழியில் பிஎஸ்ஜீனோம் (முழு ஜீனோம் வரிசைகளைக் கையாளுவது) முதலான சார்பு பேக்கேஜ்கள் தானாக வராது. அவற்றை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

கேள்வி: கையில் 400 ஆர்எஸ் எண்கள். ஸ்நிப்ஸ்-பை-ஐடி செயல்பாட்டில் கொடுத்தால் ‘இந்த எண்கள் தெரியாது’ என்று பிழை. எண்கள் எல்லாம் அச்சான கட்டுரைகளில் இருந்து எடுத்தவை, தவறாக இருக்க வாய்ப்பில்லை.

எண்கள் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் பேக்கேஜில் இல்லாமல் போக நல்ல காரணங்கள் உண்டு. அடிக்கடி வருவதிலிருந்து தொடங்குவோம்.

ஸ்நிப்லாக்ஸில் இருப்பவை ஒற்றை எழுத்து மாற்றங்கள் மட்டும். எழுத்து விடுபடுவது, நுழைவது, மைக்ரோசாட்டிலைட் (சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வருவது) எதுவும் இதில் கிடையாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் பெரிதும் பேசப்படும் சிஎஃப்டிஆர் மரபணு வேறுபாடு ஆர்எஸ்113993960. மூன்று எழுத்துகள் நீங்குவதால் புரதத்தில் 508-ஆவது இடத்து அமினோ அமிலம் இல்லாமல் போகிறது. எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் அது ஒற்றை எழுத்து மாற்றம் அல்ல, ஆகவே இங்கே இடம் இல்லை. இந்த வகைக்கென எக்ஸ்ட்ரா-ஸ்நிப்லாக்ஸ் என்று தனி பேக்கேஜ் உண்டு. ஆனால் அது 144-ஆம் பில்டோடு நின்றுவிட்டது. இன்று நீக்க, நுழைவு வேறுபாடுகளைத் தேடுபவர்கள் டிபிஸ்நிப் வெளியிடும் விசிஎஃப் கோப்பையே நேரடியாக எடுத்து, தபிக்ஸ் குறியீட்டோடு (வேண்டிய பகுதியை மட்டும் விரைவாக எடுக்க உதவும் அட்டவணை) படிப்பது நல்லது.

அடுத்து, எண் இன்னொன்றோடு இணைக்கப்பட்டிருக்கலாம். இரண்டு ஆய்வகங்கள் ஒரே வேறுபாட்டைத் தனித்தனியாகப் பதிந்து, பிறகு இரண்டும் ஒன்றே என்று தெரியவந்தால் ஒரு எண் ஓய்வு பெறும். பெரும்பாலும் சிறிய எண் நிலைக்கும், பெரிய எண் அதற்குள் அடங்கும். பழைய கட்டுரைகளிலிருந்து எடுத்த பட்டியலில் இது சாதாரணம். பேக்கேஜுக்குள் இந்த இணைப்பு வரலாறு இல்லை. டிபிஸ்நிப் தளத்தில் பழைய எண்ணைத் தேடினால் புதிய எண்ணுக்குக் கொண்டுபோய் விடும். பட்டியல் நீளம் என்றால் அவர்கள் தரும் இணைப்புக் கோப்பை இறக்கி ஒப்பிடுங்கள்.

எண் முற்றிலும் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம், அல்லது பேக்கேஜின் பில்டுக்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்கலாம். 1 முதல் 22, எக்ஸ், ஒய், எம்டி (மைட்டோகாண்ட்ரியா) ஆகிய குரோமோசோம்களுக்கு வெளியே, மாற்று வரிசைகளில் மட்டும் பொருந்துவனவும் வராது.

இனி நடைமுறை. அந்தச் செயல்பாட்டில் இஃப்-நாட்-ஃபவுண்ட் என்ற அளவுரு உண்டு. இயல்பு மதிப்பு ‘எரர்’. ஒரே ஒரு எண் இல்லாவிட்டாலும் 400-ம் போய்விடும். அதை ‘வார்னிங்’ என்று வைத்தால் இருப்பவை கிடைக்கும், எச்சரிக்கையும் வரும். ‘டிராப்’ என்றால் சத்தமில்லாமல் கைவிடும். எங்கள் பரிந்துரை ‘வார்னிங்’. எதுவானாலும் விடையின் நீளம் குறைந்திருக்கும் என்பதால், உங்கள் பழைய அட்டவணையோடு வரிசைக்கு வரிசை ஒட்டிவிடாதீர்கள். ரெஃப்ஸ்நிப்-ஐடி பத்தியைக் கொண்டே இணையுங்கள். வரிசைப்படி ஒட்டினால், விடுபட்ட முதல் எண்ணுக்குக் கீழே உள்ள அத்தனையும் ஓர் இடம் மேலேறி, 400 வரியும் பார்க்க ஒழுங்காக, உள்ளே தவறாக இருக்கும்.

எண்களை ‘ஆர்எஸ்’ முன்னொட்டோடும் கொடுக்கலாம், இல்லாமலும் கொடுக்கலாம். காலி மதிப்பு மட்டும் கூடாது. எக்செல்லில் இருந்து நகலெடுத்த பட்டியல் என்றால் வால் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளை முதலில் வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளும் பிழைக்குக் காரணமாகலாம்.

கேள்வி: ‘குரோ19’ என்று கொடுத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. ‘19’ என்றால் கிடைக்கிறது. ஏன்?

பேக்கேஜ் என்சிபிஐ வழக்கப்படி 1, 2, எக்ஸ், எம்டி என்றே பெயரிடுகிறது. முன்னொட்டோடு எழுதுவது யுசிஎஸ்சி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சாண்டா குரூஸ்) வழக்கம். செக்லெவல்ஸ்-ஸ்டைல் செயல்பாட்டால் ஒன்றை மற்றொன்றின் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பகுதிகளின் பெயரை மாற்றி, அவற்றைக் கேள்வியாகக் கொடுங்கள். விடை வந்த பிறகு திருப்பி மாற்றுங்கள். ஜீனோம் பெயர்கள் பொருந்தவில்லை என்று பிழை வந்தால், ஒரு பக்கம் ‘எச்ஜி38’ (ஜிஆர்சிஎச்38-க்கு யுசிஎஸ்சி வைத்த பெயர்) என்றும் மறுபக்கம் ‘ஜிஆர்சிஎச்38.பி13’ என்றும் பதிவாகியிருக்கும். இரண்டும் ஒரே முதன்மை வரிசைதான் என்று சரிபார்த்த பின்பே ஒன்றாக்குங்கள்.

ஒரே இடத்தில் பெயர் மாற்றம் மட்டும் போதாது: எச்ஜி19-இன் (ஜிஆர்சிஎச்37-க்கு யுசிஎஸ்சி வைத்த பெயர்) மைட்டோகாண்ட்ரியா. யுசிஎஸ்சி முதலில் அதில் வைத்தது 16571 எழுத்துகள் கொண்ட பழைய வரிசை. ஜிஆர்சிஎச்37-இன் எம்டி 16569 எழுத்துகள் கொண்ட வேறு வரிசை. ‘எம்’ என்பதை ‘எம்டி’ என்று பெயர் மாற்றியதால் இடங்கள் ஒத்துவந்துவிடாது. 38-ல் இந்தத் தொல்லை இல்லை, இரண்டுமே 16569.

கேள்வி: விடையில் அல்லீல் (ஓர் இடத்தில் வரக்கூடிய மாற்று எழுத்துகளில் ஒன்று) பத்தியில் ‘ஆர்’, ‘ஒய்’, ‘வி’ போன்ற எழுத்துகள் வருகின்றன. இதில் எது ரெஃபரன்ஸ், எது மாற்று? இன்னொன்று: எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவின் ‘சி677டி’ வேறுபாட்டை எல்லாக் கட்டுரைகளும் சி-யிலிருந்து டி என்கின்றன. பேக்கேஜோ ஜி, ஏ என்கிறது. பேக்கேஜில் பிழையா?

பிழை இல்லை. இரண்டு கேள்விக்கும் தனித்தனியாக.

அந்த எழுத்துகள் ஐயுபிஏசி (சர்வதேச வேதியியல் அமைப்பு) குறியீடுகள். ஓர் இடத்தில் பதிவாகியுள்ள அல்லீல்களின் கூட்டத்தை ஒரே எழுத்தாகச் சுருக்கியிருக்கிறார்கள். ஏ, ஜி என்றால் ஆர். சி, டி என்றால் ஒய். ஏ, சி, ஜி மூன்றும் என்றால் வி. நான்கும் என்றால் என். கோடிக்கணக்கான வரிகளைச் சிக்கனமாகச் சேமிக்க நல்ல உத்தி, ஆனால் எது ரெஃபரன்ஸ் என்ற தகவல் இதில் இல்லை. அது வேண்டுமானால் தேடும் செயல்பாட்டிலேயே ஜீனோம் என்ற அளவுருவில் பொருத்தமான பிஎஸ்ஜீனோம் பேக்கேஜைக் கொடுங்கள். அது தனியாகச் சில நூறு எம்பி இருக்கும். கொடுத்தால் விடையில் மூன்று பத்திகள் கூடும்: ரெஃபரன்ஸ் அல்லீல், மாற்று அல்லீல்கள், ஜீனோம்-கம்பாட். கடைசிப் பத்தியில் ‘ஃபால்ஸ்’ என்றால், ரெஃபரன்ஸ் வரிசையில் அந்த இடத்து எழுத்து பதிவான கூட்டத்திலேயே இல்லை என்று பொருள். அத்தகைய வரிகளை ஒதுக்கி வைத்துத் தனியாகப் பாருங்கள். மாற்று அல்லீல் பத்தியில் ஒரு வரிக்கு ஒன்றுக்கு மேல் இருக்கலாம், எனவே அதைச் சாதாரண எழுத்துப் பத்தி என்று நினைத்து நேரடியாகச் சமன் பார்க்க முடியாது.

அடுத்தது இழை, அதாவது டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதைப் படிக்கிறோம் என்பது. ஒன்றில் ஏ இருந்தால் மற்றதில் டி, ஒன்றில் சி இருந்தால் மற்றதில் ஜி. பேக்கேஜ் எப்போதும் பாசிட்டிவ் இழையையே சொல்லும். எம்டிஎச்எஃப்ஆர் மரபணு எதிர் இழையில் எழுதப்பட்டிருக்கிறது. மரபணுவின் பார்வையில் சி, டி ஆக மாறுவது, பாசிட்டிவ் இழையின் பார்வையில் ஜி, ஏ ஆக மாறுவதுதான். ஆர்எஸ்1801133, ஜிஆர்சிஎச்38-ல் 1-ஆம் குரோமோசோம் 11796321-ஆவது இடம். ரெஃபரன்ஸ் எழுத்து ஜி. பெரியவர்கள் பால் சர்க்கரையைச் செரிப்பதோடு தொடர்புடைய ஆர்எஸ்4988235-லும் இதே கதை. கட்டுரைகளில் ‘-13910 சி/டி’, பாசிட்டிவ் இழையில் ஜி/ஏ.

இதைத் தெரிந்துகொண்டு இழையைப் புரட்டிச் சரிசெய்வது எளிது. எளிதல்லாத வகை ஒன்று உண்டு: அல்லீல்கள் ஏ, டி ஆகவோ சி, ஜி ஆகவோ இருப்பவை. புரட்டினாலும் அதே இரண்டு எழுத்துகள்தான் வரும். அல்லீலைப் பார்த்து இழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மரபணு வேறுபாடுகளைக் கண்டறியும் சிப்பைத் தயாரித்தவரின் இழைக் குறிப்பு கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அல்லீல் அதிர்வெண்ணை வைத்து முடிவெடுக்கலாம், ஆனால் அதிர்வெண் 0.5-ஐ நெருங்கும்போது அதுவும் கைகொடுக்காது. அவற்றை நீக்கிவிடுவதே நேர்மையான வழி.

கேள்வி: எந்த ஸ்நிப் மக்களிடையே எத்தனை சதவீதம், எந்த நோயோடு தொடர்பு என்பதையும் இதிலேயே எடுக்க முடியுமா?

முடியாது. இடம், எண், அல்லீல்கள், அவ்வளவே. அதிர்வெண்ணுக்கு, மக்களின் மரபணு வேறுபாடுகளைத் தொகுக்கும் நோமேட் திட்டத்தின் தரவைத் தாங்கிய பேக்கேஜ்கள் பயோகண்டக்டரிலேயே உண்டு, அவற்றை ஜீனோமிக்-ஸ்கோர்ஸ் வழியாகத் திறக்கலாம். நோய்த் தொடர்புக்கு கிளின்வார் தரவுத்தளத்தின் விசிஎஃப். மரபணுவின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதற்கு வேரியன்ட்-அனொட்டேஷன் பேக்கேஜின் லொகேட்-வேரியன்ட்ஸ். டிபிஸ்நிப்பில் ஓர் எண் இருக்கிறது என்பது அது தீங்கற்றது என்பதற்கோ பரவலானது என்பதற்கோ சான்று அல்ல. ஒரே ஒருவரிடம் காணப்பட்டதுகூடப் பதிவாகியிருக்கும்.

கேள்வி: பெட் கோப்பில் (ஜீனோம் பகுதிகளின் தொடக்கம், முடிவைத் தாங்கிய அட்டவணை) இருந்து ஒற்றை இடங்களைத் தேடுகிறேன். ஒரு இடத்துக்கு ஒரு ஸ்நிப் எதிர்பார்த்தால் சிலவற்றுக்கு இரண்டு வருகின்றன.

பெட் கோப்பு பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, ஸ்நிப்லாக்ஸ் 1-லிருந்து. ஆர்எஸ்429358-ஐ பெட் கோப்பு 44908683, 44908684 என்று எழுதும். அதை அப்படியே தொடக்கம், முடிவு என்று எடுத்துக்கொண்டால் இரண்டு எழுத்துப் பகுதி ஆகிவிடும், இடப்பக்கத்து அண்டைவீட்டு ஸ்நிப்பும் கூடவே வரும். ஆர்டிராக்-லேயர் பேக்கேஜின் இம்போர்ட் செயல்பாட்டால் படித்தால் அதுவே சரிசெய்துகொள்ளும். ரீட்-டேபிளால் படித்தால் தொடக்கத்தோடு 1 கூட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. இரண்டையும் செய்துவிடாதீர்கள்!

அண்டைவீட்டுக்காரர் இவ்வளவு அடிக்கடி எட்டிப்பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. 155-ஆம் பில்டில் எல்லா வகையும் சேர்த்து 100 கோடிக்கும் அதிகமான ஆர்எஸ் எண்கள். மனித ஜீனோமோ சுமார் 310 கோடி எழுத்து. சராசரியாக மூன்று எழுத்துக்கு ஒன்று.

கேள்வி: 70 லட்சம் வரிகள் கொண்ட ஜிவாஸ் (ஜீனோம் முழுதும் நோய் அல்லது பண்போடு தொடர்புள்ள வேறுபாடுகளைத் தேடும் ஆய்வு) முடிவுக் கோப்பில் குரோமோசோமும் இடமும் மட்டும் இருக்கின்றன. ஆர்எஸ் எண் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரியாகத் தேடும் நிரல் இரவு முழுதும் ஓடியும் முடியவில்லை.

வரிக்கு வரி தேடுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் வட்டிலிருந்து படிக்கும் செலவு இருக்கிறது. அதை 70 லட்சம் தடவை கட்டுகிறீர்கள். ஒரு குரோமோசோமின் எல்லா இடங்களையும் ஒரே ஜிரேஞ்சஸ் (ஜீனோம் இடங்களின் பட்டியலைத் தாங்கும் ஆர் வடிவம்) பொருளாக்கி, ஸ்நிப்ஸ்-பை-ஓவர்லாப்ஸை ஒரே தடவை அழையுங்கள். விடையைத் திரும்ப உங்கள் இடங்களோடு ஃபைண்ட்-ஓவர்லாப்ஸால் பொருத்துங்கள். எழுதி வைத்துவிட்டு, பொருளை நீக்கி, அடுத்த குரோமோசோமுக்குப் போங்கள். முதல் அழைப்பு மட்டும் சற்று மந்தமாக இருக்கும்.

ஸ்நிப்ஸ்-பை-செக்நேம் கொண்டு முழு குரோமோசோமையும் ஏற்றுவது இந்த வேலைக்கு வேண்டாம். 155-ல் பெரிய குரோமோசோம்கள் ஒவ்வொன்றிலும் பல கோடி இடங்கள், நினைவகம் திணறும். பல கோர்களில் இணையாக ஓட்டுபவர்களும் கவனிக்க: ஒவ்வொரு வொர்க்கரும் தனக்கான நகலை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டில் தொடங்கிப் பாருங்கள், எட்டில் அல்ல.

இடம் பொருந்தியதோடு வேலை முடியவில்லை. உங்கள் கோப்பின் இரண்டு அல்லீல்களும் பேக்கேஜ் சொல்லும் கூட்டத்துக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்த பின்பே எண்ணை ஒட்டுங்கள். கோப்பில் நீக்க, நுழைவு வேறுபாடுகள் கலந்திருந்தால் அவற்றை முன்பே பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் அதே இடத்தில் தற்செயலாக இருக்கும் ஸ்நிப்பின் எண் அவற்றுக்கு ஒட்டிக்கொள்ளும். இவ்வளவையும் கையால் எழுத விருப்பமில்லை என்றால் முஞ்ச்-சம்ஸ்டாட்ஸ் பேக்கேஜ் இருக்கிறது. அடியில் அது பயன்படுத்துவதும் இதே ஸ்நிப்லாக்ஸ்தான், 144 அல்லது 155 என்று தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: 37-லிருந்து 38-க்கு மாற ஆர்எஸ் எண் வழியாகப் போவது நல்லதா, லிஃப்ட்-ஓவர் (ஓர் அசெம்பிளியின் இடத்தை மற்றொன்றின் இடமாக மாற்றும் கருவி) நல்லதா?

எண்கள் இல்லாத வரிகளும் இருந்தால் லிஃப்ட்-ஓவர். எண்கள் மட்டுமே இருந்தால், இணைப்பு வரலாற்றைச் சரிபார்த்துவிட்டு எண் வழி. லிஃப்ட்-ஓவருக்குத் தேவைப்படும், இரண்டு அசெம்பிளிகளின் இடங்களைப் பொருத்திக் காட்டும் செயின் கோப்பை ஆர்டிராக்-லேயரில் படிக்கும் முன் ஜிஜிப்பிலிருந்து விரித்துவிட வேண்டும், சுருக்கிய கோப்பை அது ஏற்காது. குரோமோசோம் பெயர்கள் யுசிஎஸ்சி வழக்கத்தில் இருக்க வேண்டும். விடை பட்டியல்களின் பட்டியலாக வரும். சில இடங்கள் எங்கும் பொருந்தாமல் காலியாக இருக்கும், சில இரண்டாகப் பிரியும். இரண்டு அசெம்பிளிக்கும் இடையே தலைகீழாகத் திருப்பப்பட்ட பகுதிகளும் உண்டு. அங்கே இழை மாறியிருக்கும், அல்லீல்களையும் புரட்ட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எலி, மாடு, நெல் இவற்றுக்கும் 155 போல ஸ்நிப்லாக்ஸ் வருமா?

எதிர்பார்க்க வேண்டாம். மனிதர் அல்லாத உயிரினங்களின் வேறுபாடுகளைப் புதிதாக ஏற்பதை டிபிஸ்நிப் 2017-லேயே நிறுத்திவிட்டது. அந்தப் பணி இப்போது ஐரோப்பாவின் இபிஐ (ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம்) நடத்தும் இவிஏ (ஐரோப்பிய மரபணு வேறுபாட்டுக் காப்பகம்) வசம் இருக்கிறது. அங்கிருந்து உயிரினவாரியாக விசிஎஃப் இறக்கி, வேரியன்ட்-அனொட்டேஷனால் படித்துக்கொள்ளுங்கள்.